விளக்கு வைக்கிற நேரத்துப் பெரட்டு

இல்லை. பொன்னுதுரை வாய்வழியாகப் பேசுவது செத்தவர்கள் இல்லை.

முடிவில் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிட்டேன். தலைவர் புன்னகைக்கிறார். மேடை மரபு அறியாதவள் நான், பொறுத்தருள வேண்டும். படியேறி வரும்போதே ஒருவர் என் காதோடு கேட்டார். பதிலை வாயில் அடக்கிக்கொண்டு வணக்கம் சொல்ல எனக்கு வரவில்லை. வணக்கத்தை இப்போது சொல்கிறேன்.

தலைமை தாங்கி அமர்ந்திருக்கும் வாலிபர் சங்கத் தலைவர் திரு. சேதுபதி அவர்களே! பந்தல் போட்டு, பாய் விரித்து, பாதியில் பழுதான ஒலிபெருக்கியைப் பாடுபட்டுப் பேசவைத்த தோழர்களே! முன்வரிசையில் முதுகு நிமிர்ந்து வீற்றிருக்கும் பெரியோர்களே! வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, மொழி முழுதும் புரியாவிட்டாலும் முகம் பார்த்துக் கேட்கும், தலைமுறைகளாக மலாய் பேசிப் பழகிய செட்டி வீட்டு அயலவர்களே! இடப்பக்கத்தில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! நெற்றியில் பொட்டோடு வந்திருக்கும் தாய்மார்களே, பொட்டில்லாமல் வந்திருக்கும் தாய்மார்களே, வைப்பதா அழிப்பதா என்று தெரியாமல் வந்திருக்கும் தாய்மார்களே! உங்களுக்கு என் தனி வணக்கம்.

என் பெயர் கமலவேணி. இந்த ஊர்ப் பெண். சிங்கப்பூரில் மருத்துவம் படித்து, அங்கேயே மூளை நோய்ப் பிரிவில் வேலை பார்க்கிறேன். நாடு விடுதலை பெற்றபின் வரும் முதல் பொங்கல் இது. நாளை போகி. எனக்குத் தந்த தலைப்பு ‘சுதந்திர மலாயாவில் விஞ்ஞானம்’. அதைத்தான் பேசப்போகிறேன். ஆனால் ஒரே ஒரு மனிதரின் மண்டைக்குள் இருந்து பேசப்போகிறேன். அவருடைய மனைவி மல்லிகா அக்காவின் அனுமதியோடு பேசுகிறேன். "எல்லாருக்கும் சொல்லுங்க டாக்டரம்மா. அப்பயாவது வாசல்ல வந்து நிக்கிறத விடுவாங்க" என்றார்.

பின்னால் கேட்கவில்லையா? கொஞ்சம் கிட்டே வாருங்கள். உரக்கச் சொல்லும் செய்தி இல்லை இது.

ஜப்பான்காரன் காலத்தில் மலாக்காவிலிருந்து தம்பினுக்குப் போன ரயில் பாதையைப் பெயர்த்து எடுத்தார்கள். எங்கே கொண்டுபோனார்கள்? சயாமுக்கு, அங்கே காட்டுக்குள் புதுப் பாதை போட. தண்டவாளம் போன வழியே ஆட்களும் போனார்கள். தோட்டத்திலிருந்து போனார்கள். சந்தையிலிருந்து போனார்கள். இலவசப் படம் என்று கூப்பிட்ட கொட்டகையிலிருந்து, படம் முடியும் முன்பே போனார்கள். போனவர் பலர். வந்தவர் சிலர். செத்தார் என்று சேதி வந்தவர் அதிலும் சிலர். மீதிப்பேர்? மீதிப்பேர் எங்கே?

போகியன்று நம் காஜா பெராங்கில் இறந்தவர்களுக்கு இலை போடுகிறோம். செட்டி வீடுகளில் அதற்குப் பார்ச்சு என்று பெயர். சோறும் கறியும் பரிமாறி, விளக்கேற்றி வைத்துவிட்டு, எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்துவார்கள். உள்ளே இறந்தவர் வந்து உண்பார். பக்கத்தில் வாழ்ந்து வாழ்ந்து, தமிழ் வீடுகளும் கதவைச் சாத்தப் பழகிக்கொண்டோம். சரி. சேதி வராதவனுக்கு என்ன செய்வது? உயிரோடு இருப்பவனுக்கு இலை போட்டால், அவனைக் கொன்றதாகிவிடும். இறந்தவனுக்குப் போடாவிட்டால், அவனைப் பட்டினி போட்டதாகிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில், சாத்தாத கதவுக்கு முன்னால், போகிக்குப் போகி உட்கார்ந்திருக்கும் பெண்கள் இந்தப் பந்தலில் இருக்கிறார்கள்.

பொன்னுதுரை திரும்பி வந்தவர்களில் ஒருவர்.

தோட்டத்தில் கங்காணியாக இருந்தவர். விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டவர். சயாம் முகாமிலும் அதே வேலையை அவரிடம் கொடுத்தார்கள். அங்கே பெரட்டு மாலையில். வேலை முடிந்து, இருட்டு இறங்கும் நேரத்தில். போருக்குப் பின் இங்கே வந்து, நகரசபையில் சாலை போடும் ஆட்களை மேற்பார்க்கும் மண்டோராக இருந்தார். சயாமைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. கேட்டால், "மழை ஜாஸ்தி" என்பார். அவ்வளவுதான்.

ஐம்பது தாண்டியதும் தொடங்கியது. புக்கிட் பாருவிலிருந்து வீட்டுக்கு வரும் வழி, அவரே தார் போட்ட வழி, அவருக்குத் தெரியவில்லை. சட்டையின் கைக்குள் காலை விட்டார். மல்லிகா அக்காவைப் பார்த்து, "நீங்க யாரு வீட்டு அம்மா?" என்று மரியாதையாகக் கேட்டார். அக்கா என்னிடம் சொன்னார்: "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து என்னை வாங்கன்னு கூப்ட்டதில்ல டாக்டரம்மா. இப்பத்தான் மரியாத வந்துச்சு. அதான் சூசாவா, கஷ்டமா இருக்கு."

சிரிக்கிறீர்கள். அவரும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அதன்பின் ஒரு மாலை, விளக்கு வைக்கிற நேரம், பொன்னுதுரை முற்றத்துக்கு வந்து விறைப்பாக நின்றார். யாரும் இல்லாத முற்றத்தைப் பார்த்துப் பெயர் கூப்பிடத் தொடங்கினார். ஒரு பெயர். பிறகு அமைதி. சிலருக்குக் காதைச் சாய்த்துக் கேட்டு, தலையாட்டி, அடுத்த பெயருக்குப் போனார். சிலரை மூன்று முறை கூப்பிட்டார். தலையாட்டவில்லை. மனைவி பெயரை மறந்த மனிதர், அந்தப் பெயர்களை மறக்கவில்லை. எல்லாம் சயாமுக்குப் போனவர்களின் பெயர்கள். உங்கள் வீட்டுப் பெயர்கள்.

ஊர் கூடியது. கூடாமல் இருக்குமா? மறுநாள் நாலு பேர். மறுவாரம் தெருவே நின்றது. செருப்பைக் கழற்றிவிட்டு நின்றது. பெயருக்கும் பெயருக்கும் நடுவில் இருக்கும் அந்த அமைதியில் கைக்குழந்தை கூட அழவில்லை என்றார்கள். ஊருக்கு வந்திருந்தபோது நானும் ஒரு மாலை நின்றேன். மருத்துவம் படித்தவள் நின்றேன். அந்த அமைதி காலியாக இல்லை. அதற்குள் யாரோ மூச்சிழுத்துப் பதில் சொல்லப்போவது போல் இருந்தது. நானும் காதைச் சாய்த்தேன். மறைக்கவில்லை.

சர்பத் கடை கலியாணசுந்தரம் அண்ணன் ஒரு கணக்கு கண்டுபிடித்தார். அண்ணன் இங்கேதான் இருக்கிறார். தம்பியை சயாமுக்குக் கொடுத்தவர். அவர் கணக்கு இதுதான். பொன்னுதுரை கூப்பிடுவது செத்தவர்கள் பெரட்டு. தலையாட்டினால், பதில் வந்துவிட்டது, ஆள் அந்தப் பக்கம் இருக்கிறான், செத்துவிட்டான். மூன்று முறை கூப்பிட்டும் தலையாட்டவில்லையென்றால், அந்தப் பக்கம் ஆள் இல்லை. எங்கோ உயிரோடு இருக்கிறான்.

எவ்வளவு நேர்த்தியான கணக்கு! எவ்வளவு கொடிய கணக்கு!

மசாலா மில்லில் வேலை செய்யும் கோகிலா அக்காவை எல்லோருக்கும் தெரியும். அவர் கணவர் தேவதாஸ், படக்கொட்டகையிலிருந்து போனவர். வைகாசியில் பொன்னுதுரை "தேவதாஸ்!" என்றார். காதைச் சாய்த்தார். தலையாட்டினார். கோகிலா அக்கா அங்கேயே பொட்டை அழித்தார். போகிக்கு இலை போட்டுவிட்டுத் தாலியைக் கழற்றுவதென்று முடிவு செய்தார். ஊர் விடுதலை விழாவுக்கு விளக்குப் போட்டபோது அவர் வெள்ளைச் சேலையில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தார்.

ஐப்பசியில் பொன்னுதுரை மறுபடியும் "தேவதாஸ்!" என்றார். அமைதி. "தேவதாஸ்!" அமைதி. "தேவதாஸ்!"

தலையாட்டவில்லை.

செத்தவர் பிழைத்துவிட்டார்! கலியாணசுந்தரம் அண்ணன் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். கோகிலா அக்கா மறுபடியும் பொட்டு வைத்தார். தேவதாஸ் மட்டுமா? ஒவ்வொரு மாதமும் இன்னும் சிலர் பதில் சொல்லாமல் போனார்கள். இறந்தவர்கள் ஒவ்வொருவராக உயிரோடு எழுந்துகொண்டிருந்தார்கள். ஊரே அதைக் கொண்டாடியது. அந்தக் கொண்டாட்டத்தைக் கேட்டபோதுதான் நான் முதன்முதலாகப் பயந்தேன்.

கார்த்திகையில் பொன்னுதுரையைச் சிங்கப்பூருக்கு அழைத்துப்போனோம். தண்டவாளம் பறிபோன நம் ஊரிலிருந்து தம்பினுக்குப் பஸ். தம்பினில் ரயில் உள்ளே வந்ததும் அவர் நடைமேடையில் விறைப்பாக நின்றுவிட்டார். பகல் பன்னிரண்டு மணிக்கு, பயணிகளைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டார். மல்லிகா அக்கா அவர் கையைப் பிடித்து, "வாங்க, இது வேற ரயிலு. இது திரும்பி வர்ற ரயிலு" என்றார். ஏறினார்.

மூளையைப் படம் எடுப்பது எப்படி? சாதாரண எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும்; மூளை தெரியாது. மூளைக்கு நடுவில் நீர் நிறைந்த சிறு அறைகள் உண்டு. நோயாளியின் இடுப்பில் ஊசி போட்டு, அந்த நீரில் கொஞ்சம் எடுத்துவிட்டு, காற்றை ஏற்ற வேண்டும். காற்று முதுகுத்தண்டு வழியே மேலே ஏறி, அந்த அறைகளுக்குள் போகும். படத்தில் காற்று கறுப்பாக விழும். ஆமாம் அம்மா, வலிக்கும். தலை பிளக்கும். நாட்கணக்கில் வாந்தி வரும். விஞ்ஞானத்தைப் பற்றிப் பேச வந்தவள் இதை மறைக்கக் கூடாது. மல்லிகா அக்காவிடமும் மறைக்கவில்லை. நன்கு இருப்பவரின் படத்தில் அந்தக் கறுப்பு, சிறகு மடித்த சின்னப் பட்டாம்பூச்சி மாதிரி இருக்கும்.

பொன்னுதுரையின் படத்தை விளக்குக்கு முன்னால் பிடித்தேன்.

பட்டாம்பூச்சி இல்லை. வௌவால். இரண்டு பக்கமும் சிறகு விரித்த பெரிய கறுப்பு. அறைகள் பெருத்திருந்தன. சுவர்கள் மெலிந்திருந்தன. ஆள் குடியிருக்கும்போதே, வீட்டுக்குள் வீடு காலியாகிக்கொண்டிருந்தது.

அந்தப் படம் கையில் காயாத நிலையில்தான் அது நடந்தது. மாலை. வார்டில் விளக்குப் போட்டார்கள். படுக்கையில் இருந்தபடியே பொன்னுதுரை பெரட்டைத் தொடங்கினார். நாலைந்து பெயருக்குப் பின், "ராஜரத்தினம்!" என்றார். எங்கள் எக்ஸ்ரே அறை உதவியாளர் பெயரும் ராஜரத்தினம்தான். கட்டிலைத் தள்ள வந்தவர், திரும்பிப் பார்க்காமலே, "இருக்கேன்யா, எங்க போவேன்! சம்பளம் இன்னும் தரல!" என்றார்.

பொன்னுதுரை தலையாட்டினார். அடுத்த பெயருக்குப் போனார்.

கலியாணசுந்தரம் அண்ணே, உங்கள் கணக்குப்படி எங்கள் ராஜரத்தினம் செத்துவிட்டார். அவரிடம் சொன்னேன். "டாக்டரம்மா, சம்பளம் வர்ற வரைக்கும் அந்தச் சேதிய வெளிய சொல்லாதீங்க" என்றார்.

சிரியுங்கள். ஆனால் சிந்தியுங்கள். அவருக்குத் தேவை ஒரு குரல். யார் குரலாக இருந்தால் என்ன? வெளியே குரல் இல்லையென்றால், மூளை தனக்குள் வைத்திருக்கும் பழைய குரலை எடுத்துக் கேட்டுக்கொள்கிறது. வைகாசியில் அவர் தலையாட்டியபோது, தேவதாஸின் குரல் அவர் மூளைக்குள் இன்னும் மிச்சம் இருந்தது. ஐப்பசியில் அது இல்லை. அந்த அறையின் சுவர் மெலிந்துவிட்டது. உயிரோடு எழுந்து போனவர்கள் யாரும் இல்லை, தாய்மார்களே. ஒரு மனிதருக்குள் குரல்கள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருந்தன. அதற்குத்தான் நாம் இனிப்பு கொடுத்தோம்.

அண்ணே, எழுந்து போகாதீர்கள். உங்களைக் குற்றம் சொல்ல வரவில்லை. தம்பிக்காகக் காத்திருப்பவர் எந்தக் கதவைத்தான் தட்டமாட்டார்?

ஏன் மெலிகிறது? சொல்கிறேன். இந்த நோயில் இறந்தவர்களின் மூளையை வெட்டி, உருப்பெருக்கியில் பார்த்திருக்கிறார்கள். அழுக்குப் படிந்தது போல் திட்டுத்திட்டாக இருக்கிறது. ஒவ்வொரு திட்டையும் சுற்றிச் சின்னஞ்சிறு உயிரணுக்கள் கூட்டமாக நெருக்கியடித்து நிற்கின்றன. தீப்பிடித்த வீட்டைச் சுற்றி ஆட்கள் நிற்பதுபோல். நாம் அழற்சி என்கிறோமே, புண்ணைச் சுற்றிச் சிவந்து கொதிக்குமே, அதைப் போன்றதொன்று மூளைக்குள் நடக்கிறதா? அந்தக் கூட்டம் தீ வைக்க வந்ததா? தீ அணைக்க வந்ததா? அணைக்க வந்து, அடங்கத் தெரியாமல், அடுத்த வீட்டையும் இடித்துக்கொண்டிருக்கிறதா? எனக்குத் தெரியாது. என் பேராசிரியருக்கும் தெரியாது. ஏனென்றால் நாம் பார்ப்பதெல்லாம் சாம்பல். என் காற்றுப் படம் காட்டுவதும் காலியான அறையைத்தான். எரியும்போது பார்த்தவர் யாரும் இல்லை.

ஆனால் ஒருநாள் பார்ப்பார்கள். சில நாடுகளில் கதிர் வீசும் பொருளைத் துளியளவு இரத்தத்தில் செலுத்தி, மூளைக் கட்டி எங்கே இருக்கிறது என்று வெளியிலிருந்தே தேடுகிறார்கள். அந்த வழியில் நடந்து நடந்து, அந்தச் சின்னஞ்சிறு கூட்டத்தைப் போய் ஒட்டிக்கொள்ளும் ஒரு பொருளை யாரோ கண்டுபிடிப்பார்கள். இடுப்பில் ஊசி வேண்டாம். வாந்தி வேண்டாம். உயிரோடு இருப்பவரின் மண்டைக்குள் தீ எங்கே, எவ்வளவு, எந்த மாதம் எந்த அறைக்குத் தாவியது என்று படத்தில் பார்ப்பார்கள். பார்க்க முடிந்தால் அணைக்க வழி தேடலாம். அப்போது நான் கிழவியாக இருக்கலாம். இல்லாமலும் போகலாம். பொன்னுதுரை இருக்கமாட்டார். அதனால்தான் கேட்கிறேன். அந்தப் படம் வரும்வரை நாம் என்ன செய்யப்போகிறோம்? வாசலில் நின்று வேடிக்கை பார்க்கப்போகிறோமா?

ஒன்றை நீங்கள் யாரும் கவனிக்கவில்லை. நானும் வார்டில்தான் கவனித்தேன். மூன்று முறை கூப்பிட்டுப் பதில் வராதபோது, பொன்னுதுரை இரண்டு கைகளையும் அக்குளுக்குள் ஒளித்துக்கொள்கிறார். ஏன் என்று கேட்டேன். அன்றைக்கு அவருக்குத் தெளிவு இருந்தது. சொன்னார்: "ஆள் கொறஞ்சா ஜப்பான்காரன் என் கையதான் ஒடைப்பான்."

அவர் விரல்கள் கோணியிருப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். சாலை வேலையில் நேர்ந்தது என்று நினைத்தீர்கள்.

தாய்மார்களே, பெரியோர்களே. நாம் மாதக்கணக்கில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று பார்த்தது என்ன? ஒரு மனிதர் அடிக்குப் பயந்து நடுங்குவதை. நாம் அருள்வாக்கு என்று காதைத் தீட்டிக் கேட்டது என்ன? ஆள் குறைகிறதே, ஆள் குறைகிறதே என்று ஒரு மனிதர் தவிப்பதை. பெயர் சொன்னார், நின்றோம். பதில் தேடினார், நின்றோம். கையை ஒளித்தார், நாம் கைதட்டினோம்.

போன வாரம் புதிதாக ஒரு பெயரைக் கூப்பிட்டார். மல்லிகா அக்காதான் சொன்னார்.

"பொன்னுதுரை!"

காதைச் சாய்த்தார். அமைதி.

"பொன்னுதுரை!"

அமைதி.

மூன்றாவது முறை கூப்பிட்டுவிட்டு, கைகளை ஒளித்துக்கொண்டு, சுவரோடு ஒட்டி உட்கார்ந்துவிட்டார். தன்னையே தேடி, தன்னிடமிருந்தே பதில் வராமல் உட்கார்ந்திருந்தார். வாசலில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவர்கள் கணக்கில் இதற்கு விடை இல்லை. அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்த மல்லிகா அக்கா, கல்யாணம் ஆன நாளிலிருந்து அவரைப் பற்றி நாலு பேர் முன் வாய் திறக்காத அக்கா, ஈரக் கையோடு வெளியே வந்து கத்தினார்: "இருக்காரு! உள்ளதான் இருக்காரு! பேர் போட்டுக்குங்க!"

பொன்னுதுரை தலையாட்டினார். கையை வெளியே எடுத்தார். அன்றைக்குச் சாப்பிட்டார்.

யார் அது, தாய்மார்கள் பக்கம்? எழுந்து நிற்பது? கோகிலா அக்காவா? பேசுங்கள் அக்கா. வழி விடுங்கள்.

"அதெல்லாம் சரி டாக்டரம்மா. நாளைக்குப் போகி. நான் எல போடறதா, வேணாமா? அத மட்டும் சொல்லுங்க."

அக்கா... எனக்குத் தெரியாது.

என் படத்துக்கும் தெரியாது. பொன்னுதுரைக்கும் தெரியாது. இந்த மலாக்காவில் யாருக்கும் தெரியாது. மேடையில் ஏறியவர்கள் தெரியாது என்று சொல்வது வழக்கமில்லை. ஆனால் தெரிந்ததாகச் சொன்னால் நானும் அந்தக் கணக்கைத்தான் போடுகிறேன். வைகாசியில் வந்தது உங்கள் கணவரைப் பற்றிய சேதி இல்லை. ஐப்பசியில் வந்ததும் இல்லை. இரண்டும் பொன்னுதுரையைப் பற்றிய சேதி. தேவதாஸின் குரலை உங்களைத் தவிர இன்னொருவர் இத்தனை காலம் தலைக்குள் வைத்துக் காப்பாற்றியிருந்தார் என்ற சேதி. அது தீர்ந்துவிட்டது என்ற சேதி. அவ்வளவுதான் அக்கா. இலை போடுவதும் போடாததும் உங்கள் கை. அதைத் தலையாட்டிச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

உட்காருங்கள். அக்காவுக்குத் தண்ணீர் கொடுங்கள்.

என் உரையை முடிக்கிறேன். பெருமக்களே! புதிய நாட்டின் புதிய பொங்கலில் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. படிப்பில்லாதவரும் செய்யலாம், பணமில்லாதவரும் செய்யலாம். இன்னும் சற்று நேரத்தில் விளக்கு வைப்பார்கள். இந்தப் பந்தலிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு மனிதர் முற்றத்துக்கு வந்து நிற்பார். போங்கள். ஆனால் கேட்கப் போகாதீர்கள். பதில் சொல்லப் போங்கள். அவர் எந்தப் பெயரைக் கூப்பிட்டாலும் யாராவது ஒருவர் "இருக்கேன்" என்று சொல்லுங்கள். ஆண் சொல்லட்டும், பெண் சொல்லட்டும். தமிழில் சொல்லட்டும், வேலிக்கு அப்பால் இருப்பவர்கள் "அடா" என்று மலாயில் சொல்லட்டும். அது இறந்தவருக்குச் சொல்வது ஆகாது. இருப்பவருக்குச் சொல்வதும் ஆகாது. அடிக்குப் பயந்த ஒருவருக்கு, இன்று ஆள் குறையவில்லை, இன்று உன் கை தப்பியது என்று சொல்வது. நாளையும் சொல்லுங்கள். மறுநாளும் சொல்லுங்கள். கூப்பிட அவருக்குப் பெயர்கள் தீரும்வரை சொல்லுங்கள்.

பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும், குறுக்கே கேட்ட கோகிலா அக்காவுக்கும், கோபம் வந்தும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்த கலியாணசுந்தரம் அண்ணனுக்கும் நன்றி. பொங்கல் நல்லபடி பொங்கட்டும். வணக்கம்.

*

மாலையை வாங்கிக்கொள்ளாமல் கமலவேணி மேடையிலிருந்து இறங்கினாள். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, கோகிலாவோடு பொன்னுதுரை வீட்டு முற்றத்துக்கு நடந்தாள். பின்னால் எத்தனை பேர் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்க்கவில்லை. பொன்னுதுரை பெயர் கூப்பிடத் தொடங்கியிருந்தார். முதல் பெயருக்குச் சர்பத் கடைக்காரரின் குரல், கரகரத்து, பதில் சொன்னது. "தேவதாஸ்!" என்றபோது கோகிலா வாயைத் திறந்தாள், குரல் வரவில்லை. அவர் இரண்டாவது முறை கூப்பிட்டார். கோகிலாவின் கையைப் பிடித்துக்கொண்டு கமலவேணி, "இருக்கேன்யா" என்றாள். அவர் தலையாட்டி அடுத்த பெயருக்குப் போனார்.

பெரட்டு முடியும்வரை அவள் அங்கே நின்றாள். கோகிலா இலை போடப்போகிறாளா என்று கேட்கவில்லை. மறுநாள் காலை பஸ்ஸில் தம்பினுக்குப் போனாள்.